பழைய மோட்டார் வண்டியும் நம் பாட்டனார் கைகளும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பெற்றோர் பலர்க்கும் ஒரு கேள்வி எழுகின்றது: பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? கடற்கரை, கோயில், பேரங்காடி என்று ஒவ்வொரு குடும்பமும் தன் வசதிக்கேற்ப ஒரு வழியைத் தேடிக்கொள்கின்றது. இவற்றை நாம் குறைகூற வரவில்லை. உழைத்துக் களைத்த குடும்பம் ஒரு நாளேனும் ஒன்றாகக் கூடிச் சிரித்திருப்பது நல்லதே. ஆயினும், இவ்வாண்டு மலரின் வாயிலாக வேறோர் இடத்தையும் பெற்றோர்க்குப் பரிந்துரைக்க விரும்புகின்றோம். அது, பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றி வைத்திருக்கும் அரும்பொருட் காட்சியகம்.

“பாட்டன் காலத்து வண்டிகளைப் பார்ப்பதால் நமக்கு ஆவதென்ன? அவை செல்வந்தர் ஏறிச் சென்றவை. நம்மவர் அவற்றைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லையே!” என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வண்டிகளில் நம்மவர் ஏறாதிருந்திருக்கலாம். ஆனால் அவை ஓடியது நம்மவர் உழைப்பின் மீது. இதனை அறிந்துகொண்டு காட்சியகத்துள் நுழையும் பிள்ளை, தலைநிமிர்ந்து நுழைவான் என்பது நம் உறுதியான கருத்து.

மாணவச் செல்வங்களே! முதலில் உங்களுக்கு ஒரு செய்தி. உலகில் மோட்டார் வண்டியில் நெடுந்தொலைவு சென்ற முதற்பயணமே ஒரு குடும்பப் பயணந்தான். செருமானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ் என்பார் தாம் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி பிறந்துவிட்டது, ஆயினும் அதனை வாங்குவார் அரியர். குதிரையில்லாமல் ஓடும் வண்டியை நம்பி ஏற மக்கள் அஞ்சினர். அவ்வேளையில் துணிந்தவர் அவர்தம் துணைவியார் பெர்த்தா பென்ஸ் அம்மையார். திருமணத்திற்கு முன்னரே தமது சீதனப் பணத்தைக் கணவரின் தொழிலுக்குத் தந்து உதவியவர் அவர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமலே, தம் மைந்தர் ஒய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகர் நோக்கிப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 106 கிலோமீட்டர்.

வழியில் நேர்ந்த இடர்கள் பல. எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அதைக் குத்தித் திறந்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைக் கட்டும் நாடாவை அதன்மேல் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார். தடைக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் சென்று அதற்குத் தோல் தைத்துக்கொண்டார். மேட்டுச் சாலையில் பிள்ளைகள் இறங்கி வண்டியைத் தள்ளினர். மாலையில் தாய்வீடு சேர்ந்ததும் கணவர்க்குத் தந்தி பறந்தது. இப்பயணத்திற்குப் பின்னரே, மேட்டில் ஏறுவதற்கென வண்டியில் மேலும் ஒரு பற்சக்கர அமைப்புச் சேர்க்கப்பட்டது. ஓட்டிப் பார்த்த ஒரு தாயின் பட்டறிவு அது. மோட்டார்ப் பொறி ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணும் பெற்றோர் இவ்வரலாற்றைத் தம் பெண்மக்களுக்குச் சொல்வார்களாக.

இனி, அதே 1888ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறு இரு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். பெர்த்தா அம்மையார் ஓட்டிய வண்டி செப்பமற்ற சாலையில் உடல் குலுங்க ஓடியது. காற்றடைத்த டயர் அப்போது வழக்கில் இல்லை. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் வாழ்ந்தார். தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். அதற்கு 1888இல் காப்புரிமையும் பெற்றார். தந்தை ஒருவர் தம் பிள்ளைக்குச் செய்த விளையாட்டு வண்டிதான் உலகின் சாலைகளை மென்மையாக்கிற்று. அதே ஆண்டில் ஹென்றி ரிட்லி என்பார் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக வந்து சேர்ந்தார். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த பால்மரக் கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இலேயே சிங்கப்பூரை அடைந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவி நாள்தோறும் பாலெடுக்கும் முறையை ரிட்லி கண்டு காட்டினார். தோட்டக்காரர்களைக் காணும்போதெல்லாம் அவர்கள் சட்டைப்பையில் விதைகளைத் திணித்தமையால் அவரைப் “பித்தர்” என்றுகூடச் சிலர் ஏளனம் செய்தனர். அவரோ நூறு வயது வரை வாழ்ந்து, தம் சொல் வென்றதைக் கண்ணாரக் கண்டார்.

வண்டி ஓர் இடத்திலும், டயர் ஓர் இடத்திலும், பால்மரம் ஓர் இடத்திலுமாக வளர்ந்தன. அவை மூன்றும் கூடியபோது மலாயா நாட்டின் தோற்றமே மாறிற்று. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908இல் வெளியிட்ட ‘மாடல் டி’ வண்டி, 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. அத்தனை வண்டிகளுக்கும் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1920ஆம் ஆண்டளவில் உலகுக்குக் கிடைத்த ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது.

அந்த ரப்பருக்குப் பால் வெட்டியவர் யாவர்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து வந்த நம் முன்னோரே அவர்களுள் பெருந்தொகையினர். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்தனர். நிரை நிரையாய் நின்ற மரங்களில் கத்தியை ஓட்டினர். வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே விடியலின் குளிர்ச்சியிலேயே வெட்டி முடிக்க வேண்டும். கத்தி ஆழப் பதிந்தால் மரம் புண்படும். மேலாகப் போனால் பால் வடியாது. மயிரிழை அளவறிந்து வெட்டும் அக்கைத்திறத்தை எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தனர். அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் அழுத்தித் தகடாக்கி, புகையிட்டு உலர்த்திக் கப்பலேற்றினர். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. தோட்டத்துத் துரை மோட்டாரில் சென்றார்; அதன் சக்கரத்துக்குப் பால் தந்தவர் நடந்தோ, லோரியில் நின்றுகொண்டோ சென்றார். இது கசப்பான உண்மையே. கசப்பானது என்பதற்காகப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டுமா? வேண்டா என்பதே நம் கருத்து.

ஆகவே, பழைய மோட்டார் வண்டி ஒன்றின் முன் குடும்பத்துடன் நிற்கும்போது, அதன் பளபளக்கும் முகப்பைப் பார்ப்பதற்கு முன் அதன் சக்கரத்தைப் பாருங்கள். தொடக்கக் காலத்து டயர்கள் இன்றுள்ளவை போல் கறுப்பானவை அல்ல. ரப்பரின் வெளிர்நிறத்தோடும் அதில் சேர்த்த துத்தநாகப் பொடியின் வெண்மையோடும் அவை விளங்கின. டயர் விரைவில் தேயாதிருக்கக் கரித்தூள் கலக்கும் முறை பரவிய பின்னரே அவை கறுத்தன. மிகப் பழைய வண்டிகளின் படங்களில் வெண்ணிறச் சக்கரங்களைக் காணும் பிள்ளைக்கு, “இது பால்மரத்துப் பால் கண்ட வெண்மையப்பா” என்று பாட்டியார் ஒருவர் சொல்லட்டும். அச்சொல் எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட்டிராது. வண்டியின் பெயரும் ஆண்டும் குதிரைத்திறனும் பலகையில் இருக்கும். பால் வெட்டிய கையின் பெயர் இராது. அக்குறையை நிறைவு செய்ய வேண்டியவர் உடன்செல்லும் பெற்றோரே.

விடுமுறையில் தமிழகம் செல்வோர் நம்முள் பலர். கோயில்களை வழிபடுகின்றோம், துணிக்கடைகளில் நாட்களைக் கழிக்கின்றோம். கோயம்புத்தூர் வழியே செல்வோர் அதனுள் ஒரு நாளை ஒதுக்கி, அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜிடி கார் காட்சியகத்தைக் காணலாம். அது ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரோடு தொடர்புடையது. 1893இல் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். வியப்போடு நின்றாரா? இல்லை. கோவை நகருக்குச் சென்று உணவுக்கடையில் பரிமாறும் வேலை செய்து, காசு காசாய்ச் சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பெருமையாய் ஓட்டித் திரியவில்லை, அக்கக்காய்க் கழற்றினார், மீண்டும் பொருத்தினார், அதன் உள்ளியல்பை அறிந்தார்.

1920இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அதுவே பின்னர் யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்கும் அவர் முன்னின்றார். 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் எளியோரும் வாங்கத்தக்க இருவர் அமரும் காரை உருவாக்கினார். உரிமம் கிட்டாமையால் அது பெருகவில்லை. 1974இல் மறைந்த அப்பெரியாரை நாம் இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அவர் பொள்ளாச்சியில் பேருந்து ஓட்டிய அதே ஆண்டுகளில்தான் நம் முன்னோர் மலாயாவிற்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். அவர்களிடமும் அறிவும் கைத்திறனும் இருந்தன. கழற்றிப் பார்க்க ஒரு வண்டிதான் அவர்களுக்குக் கிட்டவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அது கிட்டும்.

தமிழகம் வரை செல்ல இயலாதோர் மனந்தளர வேண்டா. பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை நிற்கின்றது. 1941இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில்தான் 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் ஆங்கிலேயப் படை சப்பானியரிடம் சரணடைந்தது. கார் பொருத்திய கூடம் இன்று போர்க்கால வரலாறு சொல்லும் காட்சியகமாய் விளங்குகின்றது. அங்கே அணிவகுத்து நிற்கும் வண்டிகள் இல்லாவிடினும், ஒரு தொழிற்கூடம் நாட்டின் வரலாற்றையே தாங்கி நிற்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்வர்.

அதையும் விட அண்மையில் ஒரு வரலாறு உண்டு. அது நம் தம்போயிலேயே உள்ளது. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இங்கே கார் பொருத்தும் ஆலையொன்று எழுந்தது. 1970ஆம் ஆண்டுகளில் அதனை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நடத்தியது. பின்னர் அது ஓரியண்டல் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. ஹோண்டா கார்கள் அங்கே பொருத்தப்பட்டன. மலாய்க்காரர், சீனர், தமிழர் என மூவினத்தாரும் வாழும் இவ்வூரின் பெயர், மோட்டார்த் தொழில் வரலாற்றில் இவ்வாறு இடம்பெற்றுள்ளது. இதனைத் தம்போயில் வளரும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 1985ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தை அன்றைய பிரதமர் அக்காரை ஓட்டியே கடந்தார். 1994இல் வந்த கஞ்சில் என்னும் சிறிய காரோ, கார் வாங்குதல் கனவாய் இருந்த பல தொழிலாளர் குடும்பங்களின் வாசலில் முதன்முதலாக நின்றது. பால் வெட்டிய பாட்டனாரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற கார் அதுவே. நாளை அதுவும் காட்சியகத்தில் நிற்கும். அப்போது அதன் கதையைச் சொல்வார் யார்?

இங்கே பெற்றோரின் நியாயமான மறுப்பு ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். “மாதத் தவணையும் வீட்டு வாடகையும் கழுத்தை நெரிக்கும்போது காட்சியகம் எதற்கு? பிள்ளை நன்கு படித்தால் போதாதா?” என்பர் சிலர். படிப்பு முதன்மையானது என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் பிள்ளை எதைக் கண்டு ஏங்குகிறான் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். ஒரு காரைக் கண்டதும் “என்ன விலை? யாருடையது?” என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே பெருகி வருகின்றது. பெரியோர் அப்படிக் கேட்கின்றனர். சிறுவர் அதைப் பின்பற்றுகின்றனர். இதன் விளைவு இரண்டு. வாங்க இயலாத பொருளுக்காகக் கடன்படுதல் ஒன்று. வாங்க இயலாத தந்தையை எளியவராக எண்ணுதல் மற்றொன்று. முன்னது பணத்தைக் கெடுக்கும். பின்னது குடும்பத்தையே கெடுக்கும். அப்பா பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நிற்பதைச் சொல்லப் பிள்ளை கூசுவானாயின், பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியதைச் சொல்ல நாணுவானாயின், அவன் பெறும் மதிப்பெண்கள் எத்தனையாயினும் ஒரு பெருங்குறை அவனுள் வளர்கின்றது என்றே நாம் அஞ்சுகின்றோம்.

இக்குறைக்கு மருந்து, கேள்வியை மாற்றுவதே. “இது எப்படி ஓடுகின்றது? இதைச் செய்தவர் யார்? இதன் ஒவ்வொரு பகுதியும் எங்கிருந்து வந்தது?” ஆகிய மூன்று கேள்விகளையும் பிள்ளைகள் கேட்கப் பழகுவார்களாக. இவற்றைக் கேட்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பழுது பார்க்கும் பட்டறையும் ஒரு பள்ளிக்கூடமாகும். பாட்டனாரும் ஓர் ஆசிரியராவார். நாயுடு அவர்கள் கேட்ட கேள்விகளும் இவையே. பெர்த்தா அம்மையார் வழியெல்லாம் விடை கண்ட கேள்விகளும் இவையே.

ஆகவே, பெற்றோர்க்கும் பள்ளிக்கும் சில கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவது, ஆண்டுக்கு ஒரு நாளேனும் குடும்பமாய் இத்தகைய காட்சியகம் ஒன்றைக் காணச் செல்ல வேண்டும். தாத்தா, பாட்டியை வீட்டில் விட்டுச் செல்லலாகாது. அந்நாளின் முதன்மை விருந்தினர் அவர்களே. இரண்டாவது, பள்ளியில் ஒரு மூலையையேனும் சிறு காட்சியகமாக்கலாம். பால் வெட்டும் கத்தி, மங்கு, வாளி, பழைய சைக்கிள் விளக்கு, தேய்ந்த டயரின் ஒரு துண்டு ஆகியன போதும். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சியவற்றுள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. இப்பொருள்கள் பழைய இரும்புக்குப் போவதற்கு முன் அவற்றைக் காப்பது நம் கடமை. மூன்றாவது, பட்டறைகளிலும் ஆலைகளிலும் பணியாற்றும் பெற்றோர் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்முன் வந்து தம் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். பெரிய பட்டம் பெற்றோரை மட்டுமே மேடையேற்றும் வழக்கம் சற்றே மாறட்டும்.

மாணவச் செல்வங்களே! செனாய் விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை எடையோடும் விரைவோடும் தரையைத் தொடும் அதன் டயர்களுக்கு இன்றும் இயற்கை ரப்பரே பெரும்பாலும் பயன்படுகின்றது. செயற்கை ரப்பர் எத்தனையோ வகையாய் வந்தும், அவ்வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்குவதில் பால்மரத்துப் பாலுக்கு நிகராகவில்லை. அந்த மரத்தை வெட்டி வளர்ந்த குடும்பங்களின் வழிவந்தவர் உங்களுள் பலர். அடுத்த முறை வீட்டில் முதியோர் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது அவர்தம் உள்ளங்கையைப் பற்றிப் பாருங்கள். அக்காய்ப்பு எப்படி வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்புங்கள். உங்கள் எழுத்தை நாம் ஆவலோடு எதிர்பார்க்கின்றோம்.